பத்தாவது நாற்காலி

தையல் கம்பெனியில் அவளை அம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

செக்கிங் மேசையில் அவளுக்கு இருபத்தாறு வருஷம். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக வந்து மேசையில் விழும். ஒவ்வொன்றையும் விரித்து, புரட்டி, உள்பக்கம் திருப்பி, கழுத்து, தோள், அக்குள், ஓரம் என்று விரல் ஓட்டிப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ, பொத்தான் கோணியிருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி நக அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். காலையில் முதல் கட்டைப் பிரிக்கும் முன் கண்ணை மூடி, "ஆண்டவனே, என் கண்ணுக்குத் தப்பாம பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். அதை அவர் கேட்டிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். அவள் மேசையைத் தாண்டிப் போன சட்டை திரும்பி வந்தது என்று யாரும் சொன்னதில்லை.

செக்கர் கையில் கத்தரி இருக்கலாம், ஊசி இருக்கக் கூடாது. அது கம்பெனிச் சட்டம். பிசகைக் கண்டவளே அதைத் தைத்துச் சரிசெய்துவிட்டால், தைத்தவளுக்குத் தன் பிசகு தெரியாமலே போகும். நாளைக்கும் அப்படியே தைப்பாள். அம்பக்காவுக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர். அவருடைய நீலச் சட்டையின் பை ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது. அம்பக்கா அதைக் கண்டதும் ஒரு அம்பை ஒட்டி, ஆணியில் மாட்டிவிட்டு, தன் கடமை முடிந்தது என்று போய்விட்டாள். மூன்று மாதம் அது அப்படியே தொங்கியது. ஒரு நாள் அவர் வேண்டுமென்றே அந்த அம்போடு அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். யாராவது கேட்டால், "கல்யாணமான அன்னிக்கே என் மேல ஒண்ணு ஒட்டிட்டா. இன்னும் யாரும் வந்து திருத்தல" என்பார்.

இப்படி இருந்தவளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது அவள் தம்பி மகள்.

அந்தப் பெண் படித்தது கம்ப்யூட்டர். ஆசைப்பட்டது டீச்சர் வேலை. டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது, ஆனால் சோதனையாக இரண்டு மாதத்துக்குத்தான். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு வரை, ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பு தொடங்கப் பத்துப் பேர் வேண்டும். இரண்டு மாத முடிவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். சீட்டுக் குலுக்கி மூன்று பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார். மூன்றில் இரண்டு பேராவது செய்து காட்டினால் டீச்சர் நிரந்தரம். இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை, வேலையும் இல்லை.

ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆளைத் தேடித் தேடி, கடைசியில் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீங்க வந்து உக்காந்தா போதும் அத்தை. தலை எண்ணிக்கைக்குத்தான்."

"நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ், கண்ணு."

"அங்க யாரும் உங்ககிட்ட சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் மேலேயும் அம்பு ஒட்டிவிடுவாள், பார்த்துக்கொள் என்றார். அம்பக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் பிறந்த அன்று முதன்முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். விரல், கால், காது எல்லாம் எண்ணிப் பார்த்து, ஒரு பிசகும் இல்லை என்று சொன்னவளும் அவள்தான். அந்தப் பிள்ளை வாசலில் நின்று கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது?

அப்படியாக அம்பக்கா பத்தாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலோரம். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் அடிக்கொரு தரம் புஸ்ஸென்று சீறும். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வீட்டில் சும்மா இருந்தால் மருமகள் வேலை வைக்கிறாள் என்று அதற்குப் பயந்து வந்து சேர்ந்தவர். முன்வரிசையில் கெட்டிக்காரியான ஒரு கல்லூரிப் பெண். அவள் கையைத் தூக்காத நேரம் கிடையாது. டீச்சர் அம்பக்காவை அத்தை என்று கூப்பிட்டதைக் கேட்டு வகுப்பே அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தது. அறுபத்து மூன்று வயதுத் தபால்காரரும் அத்தை என்றுதான் கூப்பிட்டார். அம்பக்காவோ தம்பி மகள் வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்பாள். அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் தாங்காது.

முதல் பயிற்சி, திரையில் தன் பெயரை எழுத வைப்பது. பிரிண்ட் என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறி போட்டுப் பெயரை எழுத வேண்டும். இங்கிலீஷ் எழுத்து அம்பக்காவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, சட்டை லேபிள்களில் பார்த்துப் பார்த்துப் படிந்தது. லேபிளில் எல்லாமே பெரிய எழுத்து. ஆகவே பிரிண்ட் என்பதையும் பெரிய எழுத்திலேயே அழகாக அடித்தாள். திரை சிவப்பாக எதையோ கக்கியது. டீச்சர் வந்து பார்த்து, பைத்தானுக்குக் கட்டளை எல்லாம் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

அம்பக்கா கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். "இதுல எல்லாமே பெரிய எழுத்தால்ல போட்டிருக்கு. சின்ன எழுத்து வேணும்னா சின்ன எழுத்தையே போட வேண்டியதுதானே, டீச்சர்?"

தபால்காரர் தன் கீபோர்டைத் தூக்கிப் பார்த்து, சரியான கேள்வி என்று தலையாட்டினார்.

ஆனால் அன்று அம்பக்கா வேறொன்றையும் பார்த்தாள். சிவப்பு எழுத்துக்கு மேலே, அவள் அடித்த வரியைத் திரை திருப்பிக் காட்டியிருந்தது. அந்த வரியின் கீழே, பிசகான சொல்லுக்கு நேராக, சின்னச் சின்ன அம்பு முனைகள் மேலே பார்த்து நின்றன. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள்.

"இதென்ன டீச்சர்?"

"தப்பு எங்க இருக்குன்னு பைத்தான் காட்டுது."

"அட. நம்ம ஆளு" என்றாள் அம்பக்கா.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த இயந்திரத்திடம் பயம் விட்டுப்போயிற்று. மற்றவர்கள் சிவப்பைக் கண்டால் முகம் சுருங்குவார்கள். கீழே காற்றியந்திரம் சீறும்போதெல்லாம் தனக்குப் பிழை வருகிறது என்று தபால்காரர் முடிவே கட்டிவிட்டார். அம்பக்கா மட்டும் சிவப்பு வந்தால் சாய்ந்து உட்கார்ந்து, சக செக்கரின் வேலையைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்ப்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி. வயதைக் கேட்டு வாங்கி, அதை இரண்டால் பெருக்கிக் காட்ட வேண்டும். தபால்காரர் அறுபத்து மூன்று என்று அடித்தார். திரையில் ஆறாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று என்று வந்தது. சிவப்பும் இல்லை, அம்பும் இல்லை. மனிதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பாதி வயசுன்னாலும் மூவாயிரத்துச் சொச்சம். அதான் முழங்கால் வலிக்குது" என்றார். வகுப்பே சிரித்தது.

டீச்சர் விளக்கினாள். விசையில் அடிப்பது எதுவானாலும் பைத்தான் முதலில் அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எண்ணாக்கு என்று தனியாகச் சொன்னால்தான் அதை எண்ணாக நினைக்கும். பாதிப் பேருக்குப் புரியவில்லை. அம்பக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. சட்டை லேபிளில் முப்பத்தெட்டு என்று இருந்தால் அது அளவின் பெயர். இரண்டு லேபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுபத்தாறு ஆகுமா? முப்பத்தெட்டு முப்பத்தெட்டு என்றுதான் நிற்கும். கட்டில் முப்பத்தெட்டு சட்டை இருந்தால் அது வேறு. அதைக் கூட்டலாம், பெருக்கலாம். இதைத் தபால்காரருக்குச் சொன்னாள். அவர், கதவு எண் மாதிரி என்றார். இரண்டு வீட்டுக் கதவு எண்ணைக் கூட்டி யாருக்கும் கடிதம் கொடுக்க முடியாதே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் அவள் பர்சிலிருந்து அம்புத் தாள் வெளியே வந்துவிட்டது. நூல் வித்தியாசம் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு ஒரு புள்ளி விட்டதும் ஒரு அடைப்புக்குறி விட்டதும் எம்மாத்திரம்? நிபந்தனை சொல்லும் இஃப் வரியின் முடிவில் வரும் இரட்டைப் புள்ளிக்கு அவள் வைத்த பெயர் ரெண்டு பொத்தான். அடுத்த வரி உள்தள்ளி நிற்பதற்கு வைத்த பெயர் மடிப்பு. நடந்து போகும்போதே ஒரு திரையைப் பார்ப்பாள். "பொத்தான் விட்டுப்போச்சு" என்று சொல்லி ஒரு அம்பை ஒட்டிவிட்டுப் போவாள். கெட்டிக்காரப் பெண்ணின் திரையிலும் இரண்டு அம்பு விழுந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அம்பு விழுந்த இடத்தைத் திருத்தினால் அந்தப் பயிற்சி ஓடியது.

சிக்கல் அவளுடைய சொந்தப் பயிற்சியில்தான் இருந்தது. ஏதோ இரண்டு வரி அடிப்பாள். சிவப்பு வரும். பிசகு எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். தன் திரையிலேயே ஒரு அம்பை ஒட்டுவாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் வந்து திருத்திவிட்டுப் போவாள். அடுத்த வரி, அடுத்த அம்பு, மறுபடியும் கைகட்டு. ஆறாவது வாரம்வரை இப்படித்தான் போயிற்று. தலை எண்ணிக்கைக்கு வந்த அத்தைதானே என்று டீச்சரும் விட்டுவிட்டாள்.

ஏழாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வாளர் வரும் நாளோடு, சீட்டில் பத்துப் பெயரும் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. யாரையும் விலக்கக் கூடாது.

அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப்போன பிறகு, டீச்சர் அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தையின் திரையில் ஒரு அம்பு ஒட்டியபடி இருந்தது.

"இது யார் வந்து திருத்தணும் அத்தை?"

"தைச்சவங்கதான்."

"தைச்சது யாரு?"

அம்பக்கா திரையைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"உங்க பேர் சீட்டுல வந்தா அன்னிக்கு நான் பக்கத்துல நிக்க முடியாது. இந்த வேலை எனக்கு வேணும் அத்தை" என்றாள் தம்பி மகள். குரல் டீச்சர் குரலாக இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று ஒரு காலத்தில் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் குரலாக இருந்தது.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அம்பக்கா கம்பெனியில் சேர்ந்தது செக்கராக இல்லை, தையல்காரியாகத்தான். சேர்ந்த நாலாவது நாள் தையல் மெஷின் ஊசி வலது ஆள்காட்டி விரலில் இறங்கி, மறுபக்கம் வந்துவிட்டது. விரல் ஆறிற்று. மெஷின் பக்கம் போக மட்டும் கால் வரவில்லை. சூப்பர்வைசர் நல்ல மனிதர். அவளைச் செக்கிங் மேசைக்கு மாற்றினார். அன்றிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. செக்கர் தைக்கக் கூடாது என்ற சட்டம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது அதனால்தான். இருபத்தாறு வருஷமாக அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பத்திரமாக நின்றிருக்கிறாள். வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது.

அன்று சாயங்காலம் தம்பி மகளிடம் அதைச் சொன்னாள். விரலில் இருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டினாள். அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல ஊசி இல்ல அத்தை. தப்பா அடிச்சா சிவப்பா எழுதும், அவ்ளோதான். எத்தனை தடவை வேணும்னாலும் பிரிச்சுத் தைக்கலாம். துணி கிழியாது."

துணி கிழியாது என்ற வார்த்தை அம்பக்காவின் மனதில் தங்கிவிட்டது.

மறுநாள் கம்பெனியில் சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டைகளில் மூலை மடங்கிப்போன பத்தைக் கேட்டு வாங்கினாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. சாப்பாடு ஆனதும் பென்சிலை எடுத்து அட்டையில் பயிற்சி எழுதுவாள். ஒற்றையா இரட்டையா, இரண்டில் எது பெரியது, ஐந்தாம் வாய்ப்பாடு. எழுதி முடித்ததும் சட்டையைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே விரல் ஓட்டுவாள். பிசகு கண்ட இடத்தில் அம்பு ஒட்டுவாள். பிறகு, அதுதான் புதிது, ரப்பரால் அழித்துத் தானே திருத்துவாள். முதல் இரண்டு நாள் ரப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் எடுத்த ரப்பரைக் கீழே வைக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு அட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இது எந்தச் சாமிக்கு மந்திரம் என்று கேட்டார். ஐந்தாம் வாய்ப்பாடு என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

தேர்வாளர் வந்த அன்று மாடி பளிச்சென்று இருந்தது. டயர் கடைக்காரரிடம் சொல்லி ஒரு மணி நேரம் காற்றியந்திரத்தை நிறுத்த வைத்திருந்தார் தபால்காரர். தேர்வாளர் நரைத்த கிராப்பு வைத்த ஒரு அம்மா. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர் போலத் தெரிந்தார். பிளாஸ்டிக் உறையிட்ட கேள்வி அட்டைகள் கையில் இருந்தன. ஒரு டப்பாவில் பத்துச் சீட்டைப் போட்டுக் குலுக்கினார். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்றார். டீச்சர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

முதல் சீட்டு தபால்காரர். பத்துப் பேரின் எடையைக் கேட்டுக் கூட்டிச் சொல்லும் பயிற்சி. எண்ணாக்குவதை அவர் மறக்கவில்லை. பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, கடைசி வீட்டில் கடிதத்தைக் கொடுத்தவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது சீட்டு கெட்டிக்காரப் பெண். எல்லாருக்கும் நிம்மதி. டீச்சர்கூட வெளியே மூச்சு விட்டாள். ஆனால் அந்தப் பெண் அவசரப்பட்டாள். நாலு வரியில் முடிவதைப் பதினாறு வரியில் அலங்காரமாக எழுதப் போனாள். ஒன்று சிவந்தது. அதைத் திருத்தப் போக இன்னொன்று சிவந்தது. அம்பக்கா பின்னால் இருந்தே பிசகைப் பார்த்துவிட்டாள். கை தானாகப் பர்சுக்குப் போயிற்று. தேர்வாளர் ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்தது. பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண் கண் கலங்கி எழுந்தாள்.

மூன்றாவது சீட்டைப் பிரித்துத் தேர்வாளர் படித்த பெயர் யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் அம்பக்கா எழுந்தாள். அது அவள் பெயர்தான்.

வாசலில் தம்பி மகள் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. "ஆண்டவனே, என் கண்ணுக்குத் தப்பாம பாத்துக்கோ" என்று சொல்லி, கொஞ்சம் யோசித்து, "கைக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அட்டையில் இப்படி இருந்தது: ஒரு மாணவனின் மதிப்பெண்ணைக் கேள். மதிப்பெண் நாற்பதுக்கு மேல் இருந்தால் பாஸ் என்று எழுது. நாற்பதுக்குக் கீழ் இருந்தால் ஃபெயில் என்று எழுது.

ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மதிப்பெண்ணைக் கேட்டாள், எண்ணாக்கினாள். இஃப், நாற்பதுக்கு மேல். அடுத்த வரிக்கு மடிப்பு. பிரிண்ட், சின்ன எழுத்தில். மேற்கோளுக்குள் பாஸ், பெரிய எழுத்தில். மேற்கோளுக்குள் பெரிய எழுத்துப் போட்டால் பைத்தான் கோபித்துக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். பிறகு இன்னொரு இஃப், நாற்பதுக்குக் கீழ். அதற்கும் மடிப்பு, அதற்கும் பிரிண்ட். ஓட விட்டாள். சிவந்தது.

இரண்டாவது இஃப் வரிக்குப் பொத்தான் போடவில்லை. அம்பு முனை அந்த இடத்தைத்தான் காட்டியது. அம்பக்கா பழக்க தோஷத்தில் கையைக் கட்டப் போனாள். பாதியில் நிறுத்தினாள். இங்கே தைத்தவள் யார்? கட்டப்போன கை இறங்கி வந்து விசையைத் தேடியது. வலது ஆள்காட்டி விரலால், வெள்ளைப் புள்ளி உள்ள அதே விரலால், ரெண்டு பொத்தானை வைத்தாள்.

ஓடியது. அறுபது என்று அடித்தாள், பாஸ். மறுபடி ஓடவிட்டு இருபது என்று அடித்தாள்; ஃபெயில். ஒன்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"இருங்கம்மா. இன்னும் பாக்கல" என்றாள் அம்பக்கா.

"சரியாத்தான் வந்திருக்கு. முடிஞ்சது."

"நடுவுல பாக்கலம்மா."

சட்டையில் நடுத்துணி கிழிவது அபூர்வம். தையல் விடுவதெல்லாம் ஒரு துணியும் இன்னொரு துணியும் சேரும் இடத்தில்தான். அக்குளில், தோள் முடிவில், பை மூலையில். புது செக்கர்கள் சட்டையின் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு நல்ல சட்டை என்று அனுப்பிவிடுவார்கள். அம்பக்கா இணைப்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் விடுவாள். இந்தப் பயிற்சியில் இரண்டு துணி சேரும் இடம் நாற்பது. அவள் நாற்பது என்று அடித்தாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. சிவப்பும் இல்லை. அடுத்த வேலை என்ன என்பதுபோல் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

தன் தையலில் பிசகோ என்று ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டினாள். இல்லை. அட்டையை எடுத்து விரல் ஓட்டினாள். பிறகு பர்சைத் திறந்து, அட்டையின் பிளாஸ்டிக் உறைமேல், மேல் என்ற சொல்லுக்கும் கீழ் என்ற சொல்லுக்கும் நடுவில், ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள்.

தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

தேர்வாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஆறு வருஷமா இந்த அட்டையைக் கொடுக்கிறேன். கேள்வியில இருக்கிறதை எழுதினா போதும்."

"எழுதிட்டேன்மா. அதுல குத்தம் இல்ல. ஆனா சரியா நாப்பது வாங்கின பிள்ள ஒண்ணு இருக்குமே. அது வந்து நின்னு கேட்டா இது பேசாம இருக்குது. பாஸுன்னா சந்தோஷப்படும், ஃபெயிலுன்னா அழுதுட்டுத் திரும்பப் படிக்கும். ஒண்ணுமே சொல்லாட்டி அது எங்க போகும்? கடவுள்கூட யாரையும் அப்படி நடுவுல நிறுத்தி வெச்சிட்டுப் போறதில்லம்மா."

தேர்வாளர் குனிந்து, தானே நாற்பது என்று அடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் இருக்கு. குறி வெச்சிட்டீங்க. திருத்தத் தெரியுமா?"

வாசலில் தம்பி மகள் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும்மா. நாப்பது பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லுங்க. அளவு சொல்றது நீங்க."

"பாஸ்."

ஒட்டுப் போடலாமா என்று முதலில் நினைத்தாள். நாற்பதுக்கு என்று தனியாக மூன்றாவது ஒரு இஃப். அப்படிப் போட்டால் இணைப்பு இரண்டாகும்; இரண்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும். தைத்த இரண்டையும் பிரித்தாள். முதலில் நாற்பதுக்குக் கீழ் என்று வைத்து ஃபெயிலைப் போட்டாள். அதற்குக் கீழே எல்ஸ், மற்ற எல்லாருக்கும். ரெண்டு பொத்தான், மடிப்பு, பாஸ். நடுவில் இடைவெளியே இல்லை. ஒரே துணி.

நாற்பது என்று அடித்தாள். பாஸ்.

"போ கண்ணு, பாஸாயிட்டே" என்று அந்த இல்லாத பிள்ளையிடம் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தேர்வாளர் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் பேனாவால் ஏதோ எழுதினார். பயிற்சி அட்டையைத் தன் பைக்குள் வைத்தார். உறைமேல் இருந்த அம்பை எடுக்கவில்லை. டீச்சரை உள்ளே கூப்பிட்டு, "உங்க வகுப்புல இந்த மாதிரி நடுவுல பாக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

டீச்சர் உண்மையைச் சொன்னாள். "நான் இல்ல மேடம். அது அவங்க கொண்டு வந்தது."

"அப்ப அதையும் பாடத்துல சேத்துக்குங்க" என்றார் தேர்வாளர். சேர்த்து வைத்திருந்த சிரிப்பில் கொஞ்சத்தைச் செலவழித்தார்.

மறுவாரம் உத்தரவு வந்தது. டீச்சர் நிரந்தரம். அடுத்த வகுப்புக்குப் பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. கீழே டயர் கடைக்காரரிடம் நாலு நாற்காலி இரவல் வாங்கினார்கள். அவரும் அந்தச் சாக்கில் வகுப்பில் சேர்ந்துவிட்டார். தம்பி மகள் அத்தை வீட்டுக்கு வந்து, இனி எண்ணிக்கைக்கு ஆள் தேவையில்லை, ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பேசும்போதே, அத்தை அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அட்டையில் ஒரு கட்டுக்கு எத்தனை சட்டை அம்பு வாங்கியது என்று எண்ணிச் சொல்லும் பயிற்சி பாதியில் நின்றது. அதற்கு மேல் அந்தப் பெண் ஓய்வைப் பற்றிப் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் முதல் பெயராக அத்தையின் பெயரை எழுதினாள். அம்பக்கா என்றே எழுதினாள், கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கட்டும் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்தபோது ஆணியில் நீலச் சட்டையைக் காணவில்லை. அம்பக்கா ஜன்னலோரம் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய அம்பைப் பிய்த்து எறிந்திருந்தாள். கையில் ஊசி. நூலை இழுத்து இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பையின் மூலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

அவர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் திருப்பினார். பை இரண்டு நூல் அளவு கோணிக்கொண்டு நின்றது. அவர் எழுந்து போய், அவள் பர்சைத் திறந்து, அம்புத் தாளிலிருந்து ஒன்றை உரித்து வந்து, அந்தக் கோணலுக்கு நேராக ஒட்டினார்.

அம்பக்கா அதைப் பார்த்தாள். சட்டைக்காகக் கையை நீட்டினாள்.

"குடுங்க. பிரிச்சுத் தைக்கிறேன்" என்றாள்.